உவரிக்கு ஒன்பது கிலோமீட்டர்

ஆனந்தகிரி,
கொடைக்கானல்,
மே 3, சனிக்கிழமை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை பொன்னுவேல் அவர்களுக்கு,

மைத்துனன் சேனாதிபதி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் மனைவி குப்பம்மாளும் பழனியாண்டவர் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் தங்கள் வீட்டில் நான்கு நாள் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்த எனக்கு இன்னும் மூக்கு ஒழுகிக்கொண்டிருப்பதால் அந்தச் சொல்லைப் போட மனசாட்சி இடம் தரவில்லை. தாங்களும் என் தங்கை லீலாவும் பிள்ளைகளும் திசையன்விளையில் ஏ.சி. அறையில் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் போட்டால் லீலாதான் எடுப்பாள். எடுத்ததும் "சாப்ட்டியளாண்ணே" என்பாள், எனக்கு வந்த கோபம் பாதி அங்கேயே போய்விடும். வாட்ஸ்அப்பில் போடலாம் என்றால் நம் குடும்பக் குழுவில் எதைப் போட்டாலும் தங்கள் தம்பி மனைவி அடுத்த நிமிஷமே ஒரு ரோஜாப்பூவையும் கும்பிட்ட கையையும் போட்டுவிடுகிறாள்; ரோஜாப்பூவுக்குக் கீழே எப்படிச் சண்டை போடுவது? அதனால்தான் பஜாரில் நசுருதீன் கடைக்குப் போய்க் கவர் வாங்கினேன். அவர் மூன்று பெட்டியைக் குடைந்து ஒரு கவரை எடுத்துத் தட்டிக் கொடுத்துவிட்டு, இந்தக் காலத்தில் யாருக்கு அண்ணே லெட்டர் என்று கேட்டார். தங்கச்சி மாப்பிள்ளைக்கு என்றேன். அப்படியென்றால் வக்கீல் நோட்டீஸா என்றார். கிட்டத்தட்ட என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் பன்னிரண்டாம் தேதி வழக்கம்போல் பதினொரு பேரோடு சீசனுக்குப் புறப்பட்டு வருவதாக லீலா சொல்லியிருந்தாள். வர வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், தண்ணீர்த் தட்டுப்பாடு, இ-பாஸ் கிடைப்பது கஷ்டம் என்று எழுதலாம்தான். முதலில் அப்படித்தான் எழுதினேன், அப்புறம் கிழித்துப் போட்டேன். வெள்ளையும் அடிக்கவில்லை, தண்ணீரும் வருகிறது. வர வேண்டாம், அவ்வளவுதான்.

லீலாவைத் தங்களுக்குக் கட்டிக்கொடுத்த வருஷத்திலிருந்து இருபத்தாறு மே மாதங்கள் மாப்பிள்ளை. கொரோனா வந்த இரண்டு வருஷத்தைக் கழித்துக்கொள்ளுங்கள், அதுவும் அரசாங்கம் தடுத்ததால் நின்றதே தவிர தாங்களாக நிற்கவில்லை. அத்தனை வருஷத்தில் தாங்கள் வாய் திறந்து ஒரு பொருளையாவது என்னிடம் கேட்க வேண்டி வந்ததா? வந்திருக்காது. நம் குடும்பத்தில் விருந்தாளி ஒன்றைக் கேட்டு வாங்கினால் அது வீட்டுக்காரனுக்கு அவமானம். கேட்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டும், கேட்பதற்கு முன்னால் கூட்டிக்கொண்டு போக வேண்டும். விருந்தாளியும் கேட்கவே கூடாது, சும்மா இருக்க வேண்டும். தாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நான் கையில் ஸ்வெட்டர்களோடு நிற்பேன். வெள்ளனே ஐந்து மணிக்கு ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர், விரல் வைக்க முடியாத கொதியில். ராத்திரிக்கு ஆளுக்கு இரண்டு கம்பளி. ஆறு மணிக்கு வேன், ஏழு மணிக்குத் தூண்பாறை. இ-பாஸ் என்று ஒன்று வந்த பிறகு அதையும் நசுருதீன் கடைக் கம்ப்யூட்டரில் நானே போட்டு, தங்களுக்கு அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று மூன்று முறை கேட்டுக்கொள்கிறேன்.

முப்பத்தோரு வருஷம் படகுத்துறையில் சீட்டுக் கிழித்தவன் நான். அரை மணி நேரம் ஆனதும் விசிலடித்துப் படகைக் கரைக்கு வரவழைப்பதும் என் சோலிதான். ஓய்வு பெற்ற அன்றைக்கு எனக்கு ஒரு சால்வை போட்டார்கள், அந்த விசிலை நானே கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது இல்லாவிட்டால் தங்கள் பட்டாளத்துக்கு ஒரே நாளில் ஏழு இடம் காட்ட எந்த மனிதனால் முடியும்? ஒரு இடத்துக்குப் பத்து நிமிஷம். இறங்கு, பார், பார்த்தாச்சா, விசில், வேனில் ஏறு. தங்கள் சித்தப்பா ஒரு வருஷம் பசுமைப் பள்ளத்தாக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறேன் என்றார். நான் விடவில்லை. விட்டிருந்தால் அன்றைக்குப் பூங்காவைப் பார்த்திருக்கவே முடியாது. தூண்பாறையில் மூன்று வருஷமாக மூடுபனியைத்தான் பார்த்தீர்கள் என்பது உண்மை, ஆனால் மூன்று வருஷமும் சரியான நேரத்துக்குப் பார்த்தீர்கள்.

நான் இப்படி வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளே குப்பம்மாள். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாற்பத்திரண்டு படி இறங்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வருஷமும் இறங்கும்போது எண்ணிச் சொல்வீர்கள். பதினொரு பேருக்கான அரிசியும் காயும் பாலும் அந்தப் படியில்தான் இறங்குகிறது, அவள் தலையில்தான் இறங்குகிறது. இப்போது அவளுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. மார்ச் மாதம் மதுரையில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜூன் மாதம் ஆப்பரேஷன் என்று நாள் குறித்தார். ஆப்பரேஷனுக்குப் பிறகு ரொம்ப நாளைக்கு மேடு பள்ளம், மணல், ஈரம் எதிலும் கால் வைக்கக் கூடாதாம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அதுக்கு முன்ன ஒருவாட்டி கடல்ல நின்னுட்டு வந்துருவோமாங்க?"

அவள் வெள்ளகவியில் பிறந்தவள். இன்றைக்கும் நடந்துதான் போக வேண்டிய ஊர். காலையில் அங்கே பள்ளம் முழுக்க மேகம் நிறைந்து கிடக்கும். அதைக் காட்டிப் பெரியவர்கள் "அந்தா கெடக்கு பாரு கடலு" என்று சின்னப் பிள்ளைகளிடம் சொல்வார்களாம். பத்து வயது வரைக்கும் அதையே கடல் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் இதைச் சொன்னாள். நான் சிரித்துவிட்டு, உனக்கு நிஜக் கடலைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். முப்பத்து நான்கு வருஷம் ஆச்சு மாப்பிள்ளை. எங்கள் மகள் தாரணி படித்த காலத்தில் அவளுக்குப் பள்ளிக்கூட லீவு மே மாதத்தில்தான். மே மாதத்தில்தான் நீங்கள் வருவீர்கள். என் பொண்டாட்டி கடலைப் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் கடல் பக்கத்து ஆட்கள்தான் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, நம்ம மாப்பிள்ளை ஊர் இருக்கிறது, அங்கிருந்து உவரிக் கடல் கூப்பிடு தூரம், கூட்டிக்கொண்டு போகாமலா இருப்பார் என்று நம்பி ஏப்ரல் 24ஆம் தேதி கிளம்பினோம். மலைப்பூண்டு, பட்டர் ஃப்ரூட், ப்ளம்ஸ் என்று ஒரு மூட்டை. குப்பம்மா என் ஸ்வெட்டரை எடுத்துப் பையில் வைத்தாள். திசையன்விளைக்கு எவனாவது ஸ்வெட்டர் கொண்டு போவானா என்று நான் அதை எடுத்து வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் விசிலை வைத்தேன். கடற்கரை என்றால் ஆள் பத்திரம் முக்கியம், இவள் எவ்வளவு தூரம் இறங்குவாளோ தெரியாது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதிக் கூப்பிட வேண்டுமே. பஸ் வத்தலக்குண்டுக்கு இறங்கும்போதே அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அங்கே போய்க் கடல் கடல் என்று வாயைத் திறக்கக் கூடாது, அவர்களாகக் கூட்டிக்கொண்டு போவார்கள், கேட்டால் நமக்குக் கேவலம். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சரி என்றாள். பாவம், முப்பத்து நாலு வருஷத்துல நான் சொன்ன சொல்லை அவ மீறுனதே இல்ல.

இனிமேல் நடந்ததை எல்லாம் தாங்களே பக்கத்தில் இருந்து பார்த்தீர்கள், ஆனாலும் நான் எழுதத்தான் செய்வேன். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினோம். உங்க ஊர் காத்து, அடுப்புக்கு முன்னால குனிஞ்ச மாதிரி மூஞ்சியில அடிச்சுது. நீங்க வாசலுக்கு வந்து "வாங்க மச்சான், இந்த வெயிலு உங்களுக்கு ஒத்துக்கிடாதுல்லா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அந்த அறைக்குள் கொண்டு போய் உட்கார வைத்து, ரிமோட்டை எடுத்து, மச்சானுக்கு சொந்த ஊர் மாதிரியே இருக்கட்டும் என்று பதினாறில் வைத்தீர்கள். மாப்பிள்ளை, கொடைக்கானல்ல குளிர் வெளியில இருக்கும், நாங்க உள்ள இருப்போம். உங்க வீட்டுலதான் குளிரும் நானும் ஒரே ரூம்ல இருந்தோம். எனக்கு நேர் மேலே அந்தப் பெட்டி. போர்த்திக்கொள்ள ஒரு துண்டு. ஏ.சி.யைக் குறையுங்கள் என்று கேட்கலாமா? விருந்தாளி எப்படிக் கேட்பது? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஜனவரி மாசம் ஏரியில பனி உறையிற அன்னைக்குக் கூட தும்மாத ஆளு, சித்திரை வெயில்ல திசையன்விளையில உக்காந்து பதினேழு தும்மல் தும்மினேன்.

தும்மல் சத்தம் கேட்டு லீலா ஓடிவந்தாள். வந்ததும் ஏ.சி.யை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், பீரோவிலிருந்து இரண்டு கம்பளி எடுத்துப் போர்த்தினாள். எது என்று பார்த்தால் 2011ல் நான் உங்களுக்குக் கொடுத்தனுப்பிய அதே கம்பளி, மடிப்புக் கூட கலையாமல். மறுநாள் பாத்ரூமில் எனக்கென்று ஒரு அண்டா கொதிக்கக் கொதிக்க வெந்நீர். வெளியே நாற்பது டிகிரி வெயில், உள்ளே ஆவி. மச்சானுக்கு வெந்நீர் இல்லாம ஆகாதுன்னு நீங்களே எந்திரிச்சு அடுப்பு பத்த வச்சீங்களாமே. நன்றி. அது போக, வந்த ராத்திரியிலிருந்தே மாத்திரை. அந்த மாத்திரையைப் போட்டால் காலையில் ஒன்பது மணி வரைக்கும் ஆளே எழும்ப முடியவில்லை. மூன்று நாளும் அப்படித்தான். எழுந்து பார்த்தால் குப்பம்மா பக்கத்தில் இருக்க மாட்டாள், எங்கே என்று கேட்டால் லீலா ஒவ்வொரு நாளும் அதையே சொன்னாள்.

"மதினி கோயிலுக்குப் போயிருக்காவண்ணே."

மூணு நாளும் கோயில். அப்படி என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே எனக்குத் தெரிந்தது. மனுஷர்களிடம் கேட்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன், அதனால் சாமியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். முட்டி வலியோடு ஒருத்தி மூணு நாளா வெள்ளனே எந்திரிச்சுப் போயி கடலைக் காட்டு சாமின்னு கும்பிட்டுட்டு வர்றா, அந்தச் சாமிக்கும் ஒம்பது கிலோமீட்டர் தூரத்துல கடல் இருக்குன்னு தெரியல, உங்களுக்கும் தெரியல. படுக்கையில் கம்பளி போர்த்திக் கிடந்த எனக்கு அந்த நினைப்பு வந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காய்ச்சல் கண்ணீர் என்று நினைத்து லீலா இன்னொரு மாத்திரை கொடுத்தாள்.

உங்க வீட்டைப் பற்றிக் குறை சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், பேனா நிற்க மாட்டேன் என்கிறது. கட்டிலில் மணல். என் பக்கம் இல்லை, குப்பம்மா படுக்கிற பக்கம் மட்டும் நறநறவென்று வெள்ளை மணல். லீலா கொடைக்கானலில் இருந்தபோது வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பாள், உங்க ஊருக்கு வந்து விளக்குமாறு பிடிப்பதையே மறந்துவிட்டாள் போல. அடுத்து உங்க ஊர்த் தண்ணீர். குப்பம்மா துவைத்துப் போட்ட சேலையின் கீழ்ப்பாதி முழுக்க உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகக் கோடு. மேல்பாதி நன்றாக இருக்கிறது, கீழ்ப்பாதி மட்டும் அப்படி. என்ன தண்ணீரோ, என்ன சோப்போ. நான் அவளிடம் காட்டினேன், அவள் சேலையை வாங்கி மடித்து வைத்துவிட்டாள். உங்களை விட்டுக் கொடுக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை பகலில் என்னைச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கூட்டிப் போனீர்கள். ஆறு வீடு. ஆறு வீட்டிலும் கலர், மிக்சர், ஏ.சி. எல்லாரும் கொடைக்கானல்ல இப்போ கிளைமேட் எப்படி என்று கேட்டார்கள், எல்லாருக்கும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னேன். சனிக்கிழமை உங்க ஹார்டுவேர் கடையின் புது குடோனைக் காட்டினீர்கள். பி.வி.சி. குழாய் எத்தனை அளவில் வருகிறது என்று இரண்டு மணி நேரம் விளக்கினீர்கள். கடலுக்குப் போக வேண்டிய ஆளைக் குழாய்க்குள் எட்டிப் பார்க்க வைத்தீர்கள். ஒவ்வொரு தடவை கார் கிளம்பும்போதும் இதோ இப்போ இந்தப் பக்கம் திரும்பும், உவரி ரோட்டில் ஏறும் என்று சீட்டு நுனியில் உட்கார்ந்திருப்பேன். கார் எதிர்ப் பக்கம் திரும்பும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். சாளைக் குழம்பு. நான்கு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த நாள் காலையில் எங்களுக்கு பஸ். இதற்கு மேல் பொறுக்க முடியாமல், கேட்கிற மாதிரியும் இருக்கக் கூடாது, கேட்காத மாதிரியும் இருக்கக் கூடாது என்று நான் ஒரு பேச்சை எடுத்தேன். மீன் எல்லாம் எங்கேர்ந்து வருது மாப்பிள்ளை என்றேன்.

"உவரியிலேர்ந்துதான் மச்சான். காலையில பிடிச்சது."

"தூரமோ?"

"ஒம்பது கிலோமீட்டர்."

"ஓகோ. ரோடு நல்லா இருக்குமோ?"

"நல்ல ரோடு மச்சான்."

நீங்க குப்பம்மாவைப் பார்த்தீர்கள். அவள் முள் எடுக்கிற மாதிரி இலையில் குனிந்திருந்தாள். லீலா திடீரென்று எழுந்து அடுப்படிக்குள் போனாள், உள்ளே அவள் இருமுகிற சத்தம் கேட்டது. நீங்க என் இலையில் இன்னொரு மீனை எடுத்து வைத்தீர்கள். அந்த இடத்தில் நான் கேட்டிருக்கலாம் மாப்பிள்ளை. அவளை ஒரு எட்டு கூட்டிட்டுப் போயிட்டு வந்துருவோம்னு ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கேட்டு வாங்கின கடல் ஒரு கடலா? மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை பஸ் ஏற்றிவிடும்போது லீலா அண்ணனுக்குப் பனங்கற்கண்டு கொடுப்பாள், கருவாடு கொடுப்பாள் என்று பார்த்தால், குப்பம்மா கையில் ஒரு ரெண்டு லிட்டர் பாட்டில் தண்ணீரைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். அதைக் கோயில் தீர்த்தம் மாதிரி இவள் மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள், பக்கத்தில் வைக்கச் சொன்னாலும் வைக்கவில்லை. கோவில்பட்டி பக்கத்தில் அவள் கொஞ்சம் கண் அசந்த நேரம் பார்த்து, தாகத்துக்கு எடுத்து ஒரு மடக்குக் குடித்தேன். அப்பா. உங்க போர்வெல் தண்ணீரில் அவ்வளவு உப்பா? ஜன்னல் வழியாகத் துப்பினேன். குப்பம்மா முழித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நாலு நாள் ஏக்கம் மூளையைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன். என்னாச்சு என்றேன். தூங்குங்க என்றாள்.

வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை மாப்பிள்ளை. நீங்க சொன்னபடி அவங்க கூட்டிட்டுப் போகலையேன்னு என்னை ஒரு கேள்வி கேட்டிருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பு வேலை முடிந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு பள்ளத்தையே பார்க்கிறாள். ஜூன் மாதம் ஆப்பரேஷன், அதற்கப்புறம் எப்போது மணலில் நிற்பாளோ, நிற்பாளோ மாட்டாளோ. என் பொண்டாட்டிக்கு நான் குடுத்த ஒரே ஒரு வாக்கு, உங்க வீட்டு வாசல்லேர்ந்து ஒம்பது கிலோமீட்டர்ல நின்னு போச்சு.

ஆகவேதான் சொல்கிறேன், வர வேண்டாம். பன்னிரண்டாம் தேதியும் வேண்டாம், அதற்கப்புறமும் வேண்டாம். கம்பளிகள் பரணை விட்டு இறங்காது. வெந்நீர் அண்டா கவிழ்ந்தே கிடக்கும். என் விசில் இந்த வருஷம் ஊதாது.

இதை எல்லாம் எழுதி முடித்துக் குப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல் கேட்டாள். கோயில் வருகிற இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், அழுகையை அடக்குகிறாள் என்று எனக்குப் புரிந்தது. கடைசியில், நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, குடுங்க, நானே கவர்ல போட்டு ஒட்டிப் போஸ்ட் பண்ணிட்டு வாரேன் என்றாள். நாற்பத்திரண்டு படி ஏற வேண்டுமே என்றேன். ஏறிக்கிடுவேன் என்றாள். உங்க மேல அவளுக்கு அவ்வளவு கோபம்.

என்ன இருந்தாலும் நான் மூத்தவன். தங்கள் கடையும் குடோனும் பெருகட்டும். லீலா தீர்க்கசுமங்கலியாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் பழனியாண்டவர் பார்த்துக்கொள்ளட்டும், மேலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும், அவர்களைப் பார்க்க நான் கீழே வருவதாக இல்லை.

இப்படிக்கு,
மூக்கடைப்போடு,
சேனாதிபதி

பின்குறிப்பு:

பொன்னுவேல் அண்ணே, இது குப்பம்மா எழுதுறேன். போஸ்ட் ஆபீஸ் வாசல்ல உக்காந்து மடியில வச்சு எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்குங்க. அஞ்சாவது வரைக்கும் படிச்ச எழுத்து. மேல எழுதியிருக்கறதை மனசுல வச்சுக்காதீங்க. அதுல எழுதியிருக்கற மாதிரி ஒண்ணும் நடக்கல, அது உங்களுக்கே தெரியும்.

கேக்கக் கூடாதுன்னு தாரணி அப்பா பஸ்ஸுலயே சொன்னாங்க. நான் உங்க வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னயே லீலாகிட்ட கேட்டுட்டேன். எனக்கு அதுல கேவலமா ஒண்ணும் தெரியல. மூணு நாளும் வெள்ளனே நீங்க எந்திரிச்சு வண்டியில கொண்டு போயி விட்டீங்க, அந்த நன்றியை எப்பிடி எழுதறதுன்னு தெரியல. மொத நாளு கணுக்கால் வரைக்கும் நின்னேன். ரெண்டாம் நாளு இடுப்பு வரைக்கும். மூணாம் நாளு நானும் லீலாவும் சேலையோட உக்காந்துட்டோம், அலை வந்து வந்து மேல விழுந்துச்சு. எவ்வளவு நேரம் உக்காந்திருந்தோம்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல. பாட்டில் தண்ணியை தெனமும் சுட வச்சு முட்டியில ஊத்திக்கிறேன். ஒரு மடக்கு அவங்க குடிச்சுட்டாங்க, மீதி இருக்கு.

மச்சானையும் கூட்டிட்டுப் போவோம்னு நீங்க மூணு நாளும் சொன்னீங்க. நான்தான் வேண்டாம்னேன். எதுக்குன்னு அப்ப சொல்லல, இப்ப சொல்றேன். பையில விசில் இருந்துச்சுண்ணே. முப்பத்து நாலு வருஷம் கழிச்சு கடல்ல காலை வைக்கிறேன், பத்து நிமிஷத்துல பாத்தாச்சான்னு ஊதிருவாங்க.

அப்பறம் அந்த மீன் சாப்பாடு. உங்ககிட்டயும் லீலாகிட்டயும் நான் சொல்லி வச்சிருந்தேன்ல, எம் பொண்டாட்டிக்குக் கடலைக் காட்டுங்கன்னு அவங்க வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டா, அந்த நிமிஷமே எல்லாரும் சேந்து போயிருவோம்னு. அன்னைக்குக் கேட்டுருவாங்கன்னு நெனச்சேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். ரோடு நல்லா இருக்குமான்னு கேட்டாங்க.

பன்னெண்டாம் தேதி நீங்க எல்லாரும் வழக்கம்போல வாங்க. லீலா மட்டும் அங்கயே இருக்கட்டும். நீங்க மேல ஏறி வர்ற அன்னைக்கு நான் கீழ எறங்குறேன், ஆப்பரேஷன் வரைக்கும் லீலாகூடதான் இருப்பேன். இத்தனை வருஷத்துல ஒருவாட்டியாவது அந்த வேன்ல நான் ஏறினது உண்டான்னு நீங்க யோசிச்சுப் பாருங்க. தூண்பாறையைக் கூட நான் கல்யாணத்துக்கு முன்ன பாத்ததுதான். பரவால்ல, அது அங்கதான் இருக்கும். அரிசி டப்பாவுல இருக்கு, கம்பளி பரண்ல இருக்கு, ஏணி பின்பக்கம் சாத்தியிருக்கேன். கவர் கனமா இருக்கேன்னு பாக்காதீங்க, உள்ள விசிலை வச்சிருக்கேன், லீலாகிட்ட குடுத்துருங்க.

நான் போறதை தாரணி அப்பாகிட்ட இன்னும் சொல்லல. கேட்டா சொல்லுவேன். கேக்க மாட்டாங்க.